பன்னிரண்டு கிழிந்த ஸ்பீக்கர்கள்

ஸ்பீக்கரக்காவுக்கு வேறு பெயர் உண்டு. வங்கிக்காரர்களும் ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுப்பவர்களும் மட்டும்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்போதும் அவள் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். மற்றபடி அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஸ்பீக்கரக்காதான். டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஆள் உள்ளே நுழைந்தால் ஒரு சாமான் வெளியே வந்தாக வேண்டும் என்கிற அளவில் ஒரு கடை. கார் ஸ்பீக்கர், பள்ளிக்கூட மண்டபத்து ஸ்பீக்கர், பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் குழாய் ஸ்பீக்கர், கிதார் வாசிக்கிற பையன்கள் போட்டுவிட்டுப் போய் மறந்தே போகிற பெட்டிகள் என்று தரையிலிருந்து கூரை வரை அடைந்து கிடக்கும். ஸ்பீக்கர் ரிப்பேர் செய்வதால் வந்த பெயரா, வாய் ஓயாததால் வந்த பெயரா என்று அவள் வீட்டுக்காரரிடம் கேட்டால், "ரெண்டுக்கும் சேத்துத்தான்" என்பார். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். நாளெல்லாம் பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு வருவதால் வீட்டில் எந்தச் சத்தமும் அவருக்குப் பெரிதாகப் படாது.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் கோன் ஒட்டும் வேலைக்குப் போனவள் அவள். ஸ்பீக்கரின் முகத்தில் புனல் மாதிரி இருக்கிற கறுப்புக் காகிதம்தான் கோன். அது அதிர்ந்தால்தான் சத்தம். அது ஒரு நூலளவு கிழிந்தாலும், விளிம்பு ஒரு இடத்தில் விட்டுப்போனாலும், சத்தத்தோடு சேர்ந்து ஒரு கரகரப்பும் வரும். முதலாளி தொழிற்சாலையை இழுத்து மூடிக்கொண்டு வேறு ஊருக்குப் போனபோது, மற்ற பெண்கள் எல்லாரும் வேறு வேலை தேடிப் போக, இவள் மட்டும் பசை டப்பாவும் கையுமாகக் கடை போட்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவளுக்கு ஒரே எதிரி, கரகரப்பு.

கடையோடு விட்டால் பரவாயில்லை. விருந்துக்குப் போன வீட்டில் குளிர்சாதனப் பெட்டி லேசாக அதிர்ந்தால், பேசிக்கொண்டே எழுந்து போய் அதன் காலுக்கடியில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டு வருவாள். பேருந்தில் ஜன்னல் கண்ணாடி தடதடத்தால் டிக்கெட் போய் இடுக்கில் உட்கார்ந்துவிடும். பரிசோதகர் வரும்போதுதான் வம்பு. துக்க வீட்டில்கூட ஒரு முறை, எல்லாரும் அழுதுகொண்டிருக்க, இவள் நாற்காலியில் ஏறி மின்விசிறியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "கிறீச் கிறீச்சுன்னு சத்தம் போட்டா மனுஷன் எப்படி நிம்மதியாப் போவாரு?" என்று கேட்டாளாம். யாரும் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. யாரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

இவளுக்கு எட்டு வயது இளையவள் ஒரு தங்கை, சின்னவள். அம்மா வேலைக்குப் போனதால் சின்னவளை இடுப்பில் தூக்கி வளர்த்ததே அக்காதான். சின்னவளுக்குப் பேச்சு திக்கும். சில சொற்கள் வாய்வரை வந்து நின்றுவிடும்; உதடு இறுகும், கண் ஒரு பக்கமாகப் போகும், ஆனால் சொல் வராது. அந்த இடத்தில் அக்கா உள்ளே புகுந்துவிடுவாள். சின்னவள் "எனக்கு…" என்று நின்றால் "தண்ணி வேணும்" என்று முடிப்பாள். கடைக்காரரிடம், பஸ்ஸில், டாக்டரிடம், பிறகு தொலைபேசியில், பாதி வாக்கியம் தங்கையுடையது, மீதி அக்காவுடையது. பார்த்தவர்கள் எல்லாம், பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்றார்கள். அதில் பொய் இல்லை. அக்கா அவள்மேல் உயிரையே வைத்திருந்தாள்.

சின்னவள் படம் வரையப் படித்தாள். இப்போது நகரத்தின் மறுகோடியில் தனியாக இருந்துகொண்டு, ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறாள். மீதி நேரத்தில் அவள் செய்வது என்ன என்று அக்காவால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது, கதவு முனகுவது, தகரத்தில் ஆணி உராய்வது, யாரோ இருமுவது எல்லாவற்றையும் பதிவுசெய்து, கணினியில் போட்டு இழுத்து, நறுக்கி, தலைகீழாகத் திருப்பி, இருட்டறையில் நாலு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து ஒலிக்கவிடுவாளாம். நடுவில் படமும் இருக்குமாம், ஆட்களும் நடப்பார்களாம். ஒரு தடவை போனில் அனுப்பியிருந்ததை அக்கா கேட்டுவிட்டு, "இது பாட்டா, மோட்டார் ரிப்பேரா?" என்று பதில் போட்டாள். அதற்குப் பிறகு சின்னவள் எதையும் அனுப்பவில்லை. வருவதும் குறைந்துபோயிற்று. போன் செய்தால் எடுக்கமாட்டாள். எழுத்தில் மட்டும் பதில் வரும். வேலை அதிகம்போல என்று அக்கா சொல்லிக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கு அது வலித்தது.

ஆகவே ஒரு நாள் காலையில் கடை வாசலில் வேன் வந்து நின்று, அதிலிருந்து சின்னவள் இறங்கியபோது, அக்கா கையிலிருந்த பசையைத் துடைக்காமலே ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வேனுக்குள் பன்னிரண்டு பழைய ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில் கிழிந்து, நைந்து, வயர் அறுந்து கிடந்தன.

"என்னடி இது, குப்பைமேட்டையே வாரிட்டு வந்துட்ட?"

"ஒரு நிகழ்ச்சி இருக்குக்கா. பழைய ஐஸ் பேக்டரியில. வயரெல்லாம் போயிடுச்சு. நீ வயரை மட்டும்…" சின்னவளின் உதடு இறுகியது.

"இதைப் போய் எனக்குச் சொல்லிக்கிட்டு! எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். நீ போய் மத்த வேலையைப் பாருடி."

சின்னவள் இன்னும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடி நின்றாள். அதற்குள் மண்டபத்து ஸ்பீக்கர் என்ன ஆயிற்று என்று ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் போன் செய்துவிட்டார், அக்கா அவரிடம் சண்டைக்குப் போய்விட்டாள். சின்னவள் ஒரு ஸ்பீக்கரின் கிழிசல்மேல் விரலை வைத்துவிட்டு, வேனில் ஏறிப் போனாள். அவள் நின்று சொல்லி முடித்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். சிறு வயதிலிருந்தே நம் வாக்கியங்களை வேறொருவர் முடித்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஒரு கட்டத்தில் நாமும் பாதியிலேயே விட்டுவிடப் பழகிவிடுகிறோம்.

அக்கா மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவைத்தாள். சொந்தத் தங்கச்சிக்கு வயரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? ஏழு ஸ்பீக்கர்களில் கோனையே பிய்த்தெறிந்துவிட்டுப் புதுக் கோன் போட்டாள். மற்ற ஐந்தில் மெல்லிய துணியையும் பசையையும் வைத்து, தடவினால்கூடத் தெரியாதபடி கிழிசலை ஒட்டினாள். விளிம்பெல்லாம் புதுசு. பிறகு வழக்கப்படி ஒவ்வொன்றிலும் கீழிருந்து மேலே மெதுவாக ஏறும் ஒற்றைச் சத்தத்தை ஓடவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை. அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அவ எதுக்குக் கேட்டா இதையெல்லாம்?" என்று வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எதுக்கா இருந்தா என்ன? ஸ்பீக்கர்னா சுத்தமாப் பாடணும்."

"கேட்டியா அவளை?"

"அவ எங்க சொல்லி முடிக்கறது, நான் எங்க கேக்கறது!"

பிய்த்துப் போட்ட பழைய கோன்களைக் காயலான் கடைக்காரர் மறுநாளே சாக்கோடு தூக்கிக்கொண்டு போனார்.

ஐஸ் பேக்டரி என்றால் இப்போது ஐஸ் கிடையாது. உயரமான கூடம், துருப்பிடித்த குழாய்கள், மேலே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஓவியர்களும் நாடகக்காரர்களும் அதை வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அக்கா ஸ்பீக்கர்களை வேனிலிருந்து தானே இறக்கி, சின்னவள் காட்டிய இடத்தில் வைத்தாள். கூரையிலிருந்து கம்பி தொங்கியது. ஒவ்வொரு ஸ்பீக்கரையும் பெட்டியில்லாமல், முகம் மேலே பார்க்கும்படி இடுப்பு உயரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நேர்கீழே தரையில் ஒரு பெரிய கறுப்புக் காகிதம். எல்லாவற்றையும் கட்டி முடித்ததும், சின்னவள் ஒரு கிண்ணத்திலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்து முதல் ஸ்பீக்கரின் கோனுக்குள் போட்டாள்.

"ஐயையோ! அடியே, பொடி உள்ள இருக்கற காயில் கம்பிக்குள்ள போனா ஸ்பீக்கர் செத்துடும்டி!" அக்கா பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்தாள்.

சின்னவள் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாள். தாழ்ந்த குரலில் ஏதோ ஒன்று முனகியது. கோனில் பொடி எழும்பித் துள்ளி, நடுவில் அழகான வட்டமாக வந்து நின்றது. அடுத்ததில் போட்டாள். அதே வட்டம். அதற்கடுத்ததிலும் அதே வட்டம். பன்னிரண்டிலும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே வட்டம். கீழே இருந்த கறுப்புக் காகிதங்களில் ஒரு துளிகூட விழவில்லை. அக்காவுக்கு அதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சின்னவளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று புரிந்தது.

"பழைய கோனெல்லாம் எங்கக்கா?"

"தூக்கிப் போட்டாச்சு. பின்ன, பூட்டி வெச்சுக் கும்பிடச் சொல்றியா?"

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எதையோ சொல்ல முயன்றாள், வரவில்லை.

"என்னடி, நேரமில்லையா? வயர் சின்னதாப் போச்சா? சத்தம் பத்தலையா? பெரிய ஆம்ப் வேணுமா? நான் வேணா…"

சின்னவள் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா. கொஞ்ச நேரம் நீ பேசாம இரு."

அப்படி அவள் சொல்லி அக்கா கேட்டதே இல்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு மரப்பெட்டிமேல் போய் உட்கார்ந்தாள். பேசாமல் இருப்பது எப்படி என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. கடைசியில் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மெதுவாகச் சொன்னாள். நின்று நின்று, சில இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு. ரொம்ப நாளாகவே அவள் தன் குரலைப் பதிவுசெய்து வைத்திருக்கிறாளாம். கடைக்காரரிடம், பஸ்ஸில், பள்ளியில் அவள் குரல் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் வெட்டி எடுத்துச் சேர்த்திருக்கிறாள். அதைத்தான் ஸ்பீக்கர்களில் ஓடவிடப் போகிறாள். கிழிந்த கோன் அந்தக் குரலைப் பிடித்து உதறும். உதறும்போது கிழிசல் வழியாகப் பொடி கீழே ஒழுகும். ஒழுகிய பொடி கறுப்புக் காகிதத்தில் படமாக விழும். பன்னிரண்டு கிழிசல், பன்னிரண்டு படம். பார்க்க வருகிறவர்கள் நடுவில் நடந்து, ஒரு குரல் வரையும் படத்தைப் பார்க்கலாம்.

"அதனாலதான் வயரை ம… மட்டும்னு சொன்னேன்."

தொலைபேசியில் பழைய ஒத்திகையின் வீடியோவைக் காட்டினாள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு காகிதத்தில் வேர் பிரிவதுபோல வெள்ளைக் கோடுகள். இன்னொன்றில் ஒரே பக்கமாகச் சரிந்த குவியல். வேறொன்றில் புள்ளி புள்ளியாக, நடுவில் மட்டும் வெறுமை. முப்பது வருஷமாகக் கரகரப்பைக் காதால் மட்டுமே கேட்டு விரட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அதைக் கண்ணால் பார்த்தாள். இப்படி ஒன்று இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. கோபப்படவோ வருத்தப்படவோ மறந்துபோய், போனைக் கிட்டே இழுத்தாள்.

"இரு இரு, திரும்பப் போடு. இது அந்தத் தேஞ்ச ஊதாப் பெட்டியில இருந்தது. விளிம்போட ஒட்டி கிழிஞ்சிருந்துச்சு. அப்படிக் கிழிஞ்சா கீழ் சத்தத்துக்கெல்லாம் சும்மா இருக்கும், மேல ஒரு இடத்துல மட்டும் உதறும்."

"ஆமா! 'ஈ'ன்னு இழுத்தா மட்டும்தான் உதறும். எனக்கு ஏன்னு தெரியல."

"ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு இடம் இருக்குடி. அந்த இடம் வந்தா மட்டும்தான் மாட்டும். மத்த இடத்துல ஒழுங்காப் பாடும்."

சின்னவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "நானும் அப்படித்தான்" என்றாள். ஒரு திக்கலும் இல்லாமல் வந்தது அது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். எது எந்த எழுத்துக்கு உதறியது, எது எவ்வளவு கொட்டியது என்று கேட்டுக் கேட்டு அக்கா தெரிந்துகொண்டாள். வருஷக்கணக்கில் தங்கையிடம் அவள் கேட்ட முதல் கேள்விகள் அவை என்று சொன்னால் மிகையில்லை. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்தப் பன்னிரண்டையும் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று. ஒட்டிய ஐந்தைக்கூட இனிப் பழையபடி பிரிக்க முடியாது.

"நானே திரும்பக் கிழிச்சுத் தரேன்" என்றாள்.

மறுநாள் ஒரு ஸ்பீக்கரைக் கடைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துக்கொண்டு, பிளேடும் கையுமாக அவள் உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். பிளேடு கோன்கிட்டே போகும், கை நின்றுவிடும். காபி குடித்துவிட்டு வருவாள். திரும்பவும் போகும், நிற்கும். "கொலையா பண்ணப் போற? காகிதம்தானே?" என்றார் அவர். "நீங்க உங்க பஸ்ஸைக் கொண்டுபோய்ச் சுவத்துல மோதுங்க பாப்போம்" என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள்.

சின்னவள் வந்து பொடியைப் போட்டாள். தன் குரலை ஓடவிட்டாள். கோன் உதறத்தான் செய்தது. ஆனால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி, பறபறவென்று உதறியது. பொடி பொத்தென்று மொத்தமாகக் கொட்டியது. தேய்ந்து, வெயில் பட்டு, ஈரம் பட்டு, பல வருஷம் அதிர்ந்து அதிர்ந்து தானாக விட்டுப்போன கிழிசல் வேறு, பிளேடால் இழுத்தது வேறு. அது இருவருக்கும் கேட்டது.

"நடிக்கற மாதிரி இருக்கு" என்றாள் சின்னவள்.

"என் கைவேலையை யாரோ கேலி பண்ற மாதிரி இருக்குன்னு சொல்லு" என்று அக்கா சொல்ல, சின்னவள், "இல்ல. என் திக்கலை" என்றாள்.

அக்கா விடவில்லை. பிளேடால் கிழித்ததற்குப் புதுக் கோன் போட்டுவிட்டு, தெரிந்த ரிப்பேர்க்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கிழிந்த ஸ்பீக்கர் கேட்டாள். அவர்கள் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். கிடைத்த இரண்டும் அளவு பொருந்தவில்லை. நிகழ்ச்சிக்கோ நாள் நெருங்கிவிட்டது. அழைப்பிதழ் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. சின்னவள் தன் பெயரில் தனியாகச் செய்யும் முதல் நிகழ்ச்சி அது. இதுவரை மற்றவர்களுக்காக ஓரத்தில் நின்று செய்தவைதான் எல்லாம்.

அன்று சாயங்காலம் கடை வாசலில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது சின்னவள் சொன்னாள், "போதும்க்கா. தேடாதே. இருக்கறதை வெச்சுப் பண்றேன்."

"எப்படிடி? எல்லாம் நல்லாப் பாடுதே!"

"அதான். நான் பேசவே வேண்டாம்னு இருந்தேன். பொடி மட்டும் போட்டுக்கிட்டு நடப்பேன். எனக்குப் பதிலா இதுங்க தி… திக்கும்னு நெனச்சேன். இப்போ இதுங்க நல்லாப் பேசுது." டீயை ஊதிக் குடித்தாள். "அப்போ திக்கறதுக்கு நான்தான் இருக்கேன். மைக் வெச்சு நேரடியாப் பேசப் போறேன்."

"கூட்டத்துக்கு முன்னாடியா?" அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டீ சிந்தியது. "வேண்டாண்டி. சொன்னாக் கேளு. நீ எழுதிக் குடு, நான் படிக்கறேன். மைக்கெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

சின்னவள் சிரித்துவிட்டாள். "நீ படிச்சா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்." பிறகு சிரிப்பு நின்றது. "நீ முன்னாடி உக்காரு. நான் எங்க நின்னாலும், எவ்வளவு நேரம் நின்னாலும், வாயைத் திறக்காதே. திறந்தியானா இனிமே உன்கிட்ட எதையும் சொ… சொல்ல மாட்டேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அக்காவுக்கு அது பலமாகப் பட்டது. போன் எடுக்காத நாட்கள், வராத விடுமுறைகள், எழுத்தில் மட்டும் வந்த பதில்கள் எல்லாவற்றுக்கும் காரணம் அவளுக்கு அப்போது லேசாக விளங்கியது. இன்னொரு முறை தவறினால் இந்தப் பெண் தனக்கில்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லவே வாயைத் திறக்க வேண்டியிருந்ததால், தலையை மட்டும் ஆட்டினாள்.

நிகழ்ச்சியன்று ஐஸ் பேக்டரியில் நல்ல கூட்டம். மேல் ஜன்னல்களில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். அக்காவும் வீட்டுக்காரரும் முன் வரிசையில். பன்னிரண்டு ஸ்பீக்கர்களும் அசையாமல் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி. சின்னவள் கறுப்புச் சட்டையில், செருப்பில்லாமல், அவற்றுக்கு நடுவில் வந்து நின்றாள். கையில் ஒரு மைக்.

"வணக்கம்" என்றாள். அந்தச் சொல்லின் கடைசி 'ம்' அடங்கவில்லை. கணினி அதைப் பிடித்து இழுத்தது. ஒரு ஸ்பீக்கரிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று அந்த 'ம்' கூடத்தைச் சுற்றி வந்தது. பொடி வட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பி அடங்கின. வீட்டுக்காரர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வாய் திறந்தபடி. சத்தத்தைக் கண்ணால் பின்தொடர முடியும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சின்னவள் சின்னச் சின்ன வாக்கியங்களாகச் சொன்னாள். தான் எந்தத் தெருவில் இருக்கிறாள், எந்தப் பஸ்ஸில் வருகிறாள், எந்தக் கடையில் எதைக் கேட்க முடியாமல் வேறு எதையோ வாங்கிக்கொண்டு வருவாள். கூட்டம் சிரித்தது, அவளும் சிரித்தாள். அவள் பேசியதில் ஒரு துண்டை ஸ்பீக்கர்கள் திருப்பிச் சொல்லும், அதை நறுக்கும், பன்னிரண்டு பேர் மெல்லிய குரலில் பேசுவதுபோல ஆக்கும். அவள் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் அத்தனையும் நின்றுவிடும். பொடி அசையாது. சொல் விடுபட்டு வெளியே வரும் கணத்தில் ஒரே உதையாகத் துள்ளி, விளிம்பைத் தாண்டி, கீழே காகிதத்தில் சிதறும். அக்காவுக்கு அது மெல்லப் புரிந்தது. கிழிசல் வழியே ஒழுகவேண்டிய படத்தை இப்போது அவள் தன் வாயாலேயே வரைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு காகிதங்களிலும் வெவ்வேறு சிதறல். அடுத்தது எங்கே விழும் என்று கூட்டம் முழுக்கக் குனிந்து குனிந்து பார்த்தது.

ஒவ்வொரு தடவை சின்னவள் நின்றபோதும் அக்காவின் நாக்கு எழும்பியது. ஒவ்வொரு தடவையும் அதை அடக்கினாள். நெற்றி வியர்த்துவிட்டது.

சின்னவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "எனக்குப் பேசறதுன்னா ரொம்ப…" என்றாள்.

உதடுகள் ஒட்டிக்கொண்டன.

ஸ்பீக்கர்கள் நின்றன. பொடி நின்றது. அவள் கண் ஒரு பக்கமாகப் போயிற்று, கழுத்து நரம்பு புடைத்தது, மூடிய உதடுகளுக்குப் பின்னால் சொல் முட்டிக்கொண்டு நின்றது. யாரோ நாற்காலியில் நகர்ந்தார்கள். அதுகூடப் பெரிய சத்தமாகக் கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இதுவரை அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. பின்னால் ஒரு பெண், பாவம் என்று முணுமுணுத்தாள்.

அக்காவிடம் அந்தச் சொல் இருந்தது. பயம். எனக்குப் பேசறதுன்னா ரொம்ப பயம். அதைவிடத் தெரிந்த சொல் அவளுக்கு உலகத்தில் இல்லை. வகுப்பு டீச்சரிடம் அவள்தான் போய்ச் சொன்னாள், அவளுக்குப் பேசறதுன்னா ரொம்ப பயம், எழுந்து படிக்கச் சொல்லாதீங்க என்று. சொந்தக்காரர்களிடம், டாக்டரிடம், வேலைக்கு எடுக்க வந்தவர்களிடம் அதையே சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு சொல், அதைக் கொடுத்துவிட்டால் போதும், குழந்தை தப்பித்துவிடும். அவள் உதடும் தங்கையின் உதட்டைப்போலவே மூடி இறுகியிருந்தது. கைப்பையின் வாரை அவள் இழுத்த இழுப்பில் அது அறுந்தே போயிற்று. வாயைத் திறக்கவில்லை.

"…பிடிக்கும்."

பன்னிரண்டு ஸ்பீக்கர்களிலும் பொடி ஒன்றாக எழும்பிக் கொட்டியது. "ரொம்ப பிடிக்கும்" என்று சின்னவள் இன்னொரு தடவை சொன்னாள், திக்காமல், சிரித்துக்கொண்டே. ஸ்பீக்கர்கள் அதை எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றின.

அக்காவுக்கு யாரோ முகத்தில் அறைந்தது போல இருந்தது. கன்னம் எரிந்தது. இத்தனை வருஷம், இத்தனை பேரிடம், இந்தப் பெண்ணின் வாயில் தான் என்ன சொல்லைத் திணித்தோம்! தண்ணீர் வேண்டும் என்று முடித்தபோதெல்லாம் அவள் கேட்க வந்தது தண்ணீர்தானா? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சத்தம் வரும் என்று அதையும் அடக்கினாள். வீட்டுக்காரர் அவள் பக்கம் குனிந்து, "என்னம்மா?" என்றார். அவள் விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

நடுவில் சின்னவள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியிருந்தாள். "எங்க அக்கா…" என்றாள், முன் வரிசையைப் பார்த்து. மறுபடியும் மாட்டிக்கொண்டாள். கூடம் மறுபடியும் அடங்கியது.

இந்தத் தடவை அக்காவின் வாயில் எந்தச் சொல்லும் வந்து நிற்கவில்லை. அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற எல்லாரையும்போல நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டு, அவளும் காத்திருந்தாள்.